தெற்கு வேலிக்கு மேலே ஒரு கார்த்திகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட என் வாயால் கேட்பது எனக்குக் கொஞ்சம் மரியாதை. நான் ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடித்தவன். எந்தக் கூட்டம் என்றால், தென்கடலில் கப்பல் ஓட்டியவர்கள் என் தாத்தாவுக்குத் தாத்தா பிறப்பதற்கு முன்பே பார்த்துப் படத்தில் குறித்து வைத்துவிட்ட கூட்டம். அது ஒளிந்துகொண்டும் இருக்கவில்லை. சித்திரை மாதம் பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாத இடத்தில் நின்று தெற்கே தலையைத் தூக்கினால் ஆட்டுக்குக்கூடத் தெரியும். அதைத்தான் நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த கையோடு சும்மா இருந்தேனா? தப்பான பெயர் வைத்தேன், ஊரைக் கூட்டினேன், ஒரு தோட்டத்தையே சேற்றில் குப்புறப் படுக்க வைத்தேன். இவ்வளவையும் ஒரே வாரத்தில் செய்ய எல்லாராலும் முடியாது. அதற்கு ஒரு தெம்பு வேண்டும். அது என்னிடம் எப்போதும் தாராளமாக இருந்திருக்கிறது.

அது மலாயாவில் அவசரகாலம், வெள்ளைக்காரன் ஆட்சிக்கும் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை. நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கு எழுதுகிறவன். அங்கும் இங்குமாகக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்வேலி போட்டு, வேலி நெடுகிலும் விளக்குக் கம்பம் நட்டு, தெற்கு மூலையில் ஒரு காவல் கோபுரமும் கட்டியிருந்தார்கள். கோபுரம் என்றால் கோயில் கோபுரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு மரக்கால், ஓர் ஏணி, மேலே பலகைத் தளம், அதற்கு ஒரு தகரக் கூரை. சாயங்காலம் கேட்டை மூடினால் விடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளவும் தடை. பொதுக் கொட்டகையில் சோறு வடித்து வைத்திருப்பார்கள். பாத்திரத்தோடு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

இந்த இடத்துக்குத்தான் நான் கல்யாணம் முடித்து மனைவியைக் கூட்டிவந்தேன். அவள் மெர்லிமாவில் சாமான் கடைக்காரர் மகள். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் தொட்டில் கட்டி வளர்த்த பெண். கையில் அள்ளிப் பார்த்தே இது பழையது, இது புதியது என்று சொல்லுவாள். அவளை, அரிசியைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாத ஊரில் கொண்டுவந்து குடிவைத்த புத்திசாலி நான்.

ரெண்டு மாதம் பொறுத்தாள். ஒரு நாள் கொட்டகையிலிருந்து வாங்கிவந்த சோற்றுப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, மூடியைத் திறக்காமலே சொன்னாள்.

"எங்கண்ணன் வர்ற ஞாயித்துக்கெழம வருது. நான் மெர்லிமாவுக்குப் போறேன்."

"போயிட்டு எப்ப வருவே?"

"நீங்க டவுன்ல வேல தேடிக்கிட்டா வந்து கூப்புடுங்க. இல்லாட்டி நான் அங்கயே இருக்கேன். ஆறு மணிக்கு மாட்ட அடைக்கிற மாதிரி அடைச்சிப்புடுறாங்க. ஒரு ஒல வைக்க முடியல. ராத்திரி பூரா அந்த வெளக்கு ஜன்னல் வழியா மொகத்துல அடிக்குது. இங்க என்னா இருக்கு, சொல்லுங்க?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அடையாளக் கார்டில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டபோதெல்லாம் "அப்புறம், அப்புறம்" என்று அவள் தள்ளிப்போட்டது ஏன் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. கார்டில் இன்னும் மெர்லிமாவ். கார்டு போகிற இடத்துக்கு ஆளும் போகப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தத் தோட்டத்தில் அவளுக்குப் பிடித்த மாதிரி ஒன்றையாவது நான் காட்டியாக வேண்டும். ரப்பர் மரத்தையா காட்டுவது?

அந்த வாரம் எனக்கு ஹோம் கார்ட் முறை. தோட்டத்து ஆம்பிளைகள் எல்லாரும் முறை வைத்துப் பாரா நிற்க வேண்டும். கிராணி என்று சலுகை கிடையாது. எனக்குப் பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்பது மணி வரை தெற்குக் கோபுரம். ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். அதை நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, "கிராணி, அத கொட மாதிரி புடிக்காதீங்க லா" என்று ஒரு கங்காணி கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. ஆணியில் ஒரு தூரக்கண்ணாடியும் தொங்கும். ரெண்டு கண்ணுக்கும் வைத்துப் பார்க்கிற சாதி. அதை வைத்துக் காட்டோரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

நான் ஒரு தடவை பார்த்தேன். கண்ணாடிக்குள் காடு பத்தடி தூரத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருப்பது மாதிரி, அந்த ஆள் என்னை மட்டும் பார்ப்பது மாதிரி. உடனே கண்ணாடியைத் தூக்கி மேலே திருப்பிவிட்டேன். வானத்திலிருந்து யாரும் சுட மாட்டார்கள் அல்லவா? நான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்த கதை இவ்வளவுதான். அறிவுத் தாகம், அது இது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறேன். நம்பாதீர்கள்.

ஆனால் மேலே திருப்பினேன் பாருங்கள், அங்கே ஒன்று இருந்தது.

வேலி விளக்குகளுக்கெல்லாம் தகரத் தொப்பி போட்டிருப்பார்கள். வெளிச்சம் கீழேதான் விழும். கோபுரத்தின் பலகைத் தளம் அந்தத் தொப்பிகளுக்கு மேலே இருந்தது. அதனால் கீழே பகல், மேலே நல்ல இருட்டு. தெற்கே, காட்டு மரங்களின் தலைக்குக் கொஞ்சம் மேலே, சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம் சாய்ந்து நிற்கும். அது எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு வலப்பக்கம் தள்ளி ஒரு சின்னக் கொத்து. வெறும் கண்ணுக்கு ஐந்தாறு புள்ளிகள். கண்ணாடியை வைத்தால் அது அப்படியே விரிந்தது. நடுவில் ஒன்று பெரிதாக, சுற்றி நீலம் கலந்த வெள்ளையில் பொடிசுகள், மல்லிகைச் சரம் அறுந்து மடியில் விழுந்த மாதிரி. நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன். பாரா நிற்பவன் செய்யக்கூடாத முதல் காரியம் அது என்று பிறகு சொன்னார்கள்.

சின்னக் கொத்து, ஐந்தாறு நட்சத்திரம் என்றால் தமிழனுக்கு என்ன நினைப்பு வரும்? கார்த்திகைதான். எனக்கு வானத்தில் தெரிந்த ஒரே கொத்தும் அதுதான். எனவே அது கார்த்திகை. அது வழக்கமாக எந்தப் பக்கம் இருக்கும், எந்த மாதத்தில் தெரியும் என்பதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவன் எதையும் கண்டுபிடிக்க மாட்டான்.

மறுநாள் விடியக்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடித்ததும் வாயை அடக்க முடியவில்லை.

"நேத்து கார்த்திகைய பாத்தேன். தெக்கால எறங்கி வந்து நிக்கிது. கண்ணாடில பாத்தா எத்தன அழகு!"

ரப்பர் பால் வாளியோடு நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதில் பெருமைதான் எனக்கு. ஆனால் கூட்டத்தில் எங்கள் தோட்டத்து முருகன் கோயில் பண்டாரமும் இருந்தார். காலையில் பால் வெட்டு, மாலையில் பூசை. சின்ன விஷயத்தையும் பெரிய விஷயமாக்கிவிடும் திறமை அவருக்கு உண்டு. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ரெண்டு பேரும் அண்ணன் தம்பி.

"தெக்காலயா? கிராணி, அப்ப அந்த ஆறு தாய்மாரும் நம்ம முருகனப் பாக்க வந்திருக்காங்கய்யா! வேலிக்குள்ள அடைஞ்சி கெடக்கானே நம்ம புள்ளன்னு வந்திருக்காங்க!"

நான் மறுத்திருக்கலாம். "இருக்கலாம், இருக்கலாம்" என்று தலையாட்டினேன்.

அன்று மாலை நான் கோபுரத்தில் ஏறி நின்றபோது கீழே ஒரே சலசலப்பு. பூசை முடிந்த கையோடு பண்டாரம் பாதித் தோட்டத்தைத் தெற்கு வேலிக்குக் கூட்டிவந்துவிட்டார். விளக்கு கண்ணைக் கூசச் செய்ததால் எல்லாரும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "அதோ" என்று ஒருவர் கை நீட்ட, "எங்க, எங்க" என்று பத்துக் கை நீண்டது. பண்டாரம் அத்தோடு விடவில்லை. தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, வேலிக்கு மேலாகத் தூக்கி, காட்டைப் பார்த்து வட்டம் வட்டமாகக் காட்ட ஆரம்பித்தார்.

கேட்டுப் பக்கம் நின்ற போலீஸ் கோப்ரல் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? ஊரடங்கு நேரம், வேலியோரம் ஒரு கும்பல், காட்டுக்கு நெருப்பு காட்டிச் சமிக்ஞை. விசில் பறந்தது. பெரிய விளக்கு சர்ரென்று திரும்பியது. "தியாராப்!" என்று ஒரு குரல். படுங்கள் என்று அர்த்தம். அர்த்தம் தெரியாதவர்களும் படுத்தார்கள். மத்தியானம் பெய்த மழையில் வேலியோரம் முழுக்கச் சேறு. நான் கோபுரத்தில் படுத்தேன். சேறு இல்லாத இடத்தில் படுத்த ஒரே ஆள் நான்தான் என்பதைப் பிறகு பல பேர் எனக்கு ஞாபகப்படுத்தினார்கள்.

காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. கோப்ரல் நடந்து வந்தார். உம்பாய்க் கடற்கரை மலாய்க்காரர், நல்ல மனுஷர், கொஞ்சம் தமிழும் பேசுவார். அணைந்த கற்பூரத் தட்டை இன்னமும் கீழே விடாமல் படுத்திருந்த பண்டாரத்தின் மேல் டார்ச் அடித்தார்.

"யாருக்கு லைட் காட்டுது?"

பண்டாரம் சேற்றிலிருந்து முகத்தை மட்டும் தூக்கினார். "அம்மாமாருக்குங்க."

"எங்கே அம்மா?"

"அங்கங்க. மேல. ஆறு பேரு."

"ஆறு பேரா!" கோப்ரலின் குரல் மாறியது. "செனாப்பாங் இருக்கா?" துப்பாக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்கிறார்.

"சேச்சே, கைப்புள்ளக்காரங்கய்யா!" என்றார் பண்டாரம்.

இதற்கு மேல் போனால் யாராவது சுடப்படுவார்கள் என்று தோன்றியது. ஏணியில் இறங்கினேன். காலைவிட வாய் முந்திக்கொண்டது.

"பிந்தாங், இஞ்சே! பிந்தாங் சாஜா!" நட்சத்திரம் ஐயா, வெறும் நட்சத்திரம்.

கோப்ரல் வானத்தைப் பார்த்தார். கும்பலைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "கிராணி, உனக்கு டியூட்டி எங்கே? ஹூத்தானா, லாங்கிட்டா?" காடா, வானமா? கூட்டத்தில் முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், கோப்ரலும்தான். மேலிடத்துக்கு எதுவும் எழுதிப் போடவில்லை. கற்பூரம் கோயிலுக்குள்ளேதான் என்று பண்டாரத்துக்கு ஒரு கண்டிப்பு மட்டும்.

முறை முடிந்து வீட்டுக்குப் போனால், எனக்கு முன்னால் சேதி போயிருந்தது. மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தலைப்பை எடுத்தாள். அந்தத் தோட்டத்துக்கு வந்து அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கைப்புள்ளக்காரங்களாமா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, இப்ப கத்திரி நடக்குதே, உங்களுக்குத் தெரியாது?"

"அதுக்கென்னா?"

"எங்க கடையில பஞ்சாங்கம் நான்தான் படிச்சிச் சொல்லுவேன். கத்திரின்னா சூரியன் கார்த்திகையில இருக்குன்னு அர்த்தம். சூரியன்கூட எறங்கிப் போற நட்சத்திரத்த நீங்க ராத்திரி எட்டு மணிக்கு எப்புடிப் பாத்தீங்க?"

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பான். எனக்கு மாறாகத் தெம்பு பொங்கியது.

"அப்ப அது கார்த்திகை இல்ல! கார்த்திகை இல்லன்னா வேற யாருக்கும் தெரியாத கூட்டம். அப்ப கண்டுபுடிச்சது நான்தானே? இந்தா பாரு, அதுக்கு உன் பேரையே வைக்கிறேன்."

"என் பேர வானத்துல எழுதறது இருக்கட்டும். கார்டுல மெர்லிமாவ்னு எழுதியிருக்கு, அதுல கைய வைக்காதீங்க." எழுந்து போனவள், அடுப்பங்கரை வாசலில் நின்று திரும்பினாள். "அது எங்க தெரியுது, சன்னல்லேருந்து தெரியுமா?"

தெரியாது. சன்னலில் விளக்கு அடிக்கும். கோபுரத்தில் ஏறினால்தான் தெரியும். பெண்கள் ஏறக்கூடாது. மறுநாள் நான் கோப்ரலிடம் போய் நின்றேன். முதல் நாள் அவ்வளவு நடந்த பிறகு அப்படிப் போய் நிற்பதற்கு என் மாதிரி ஆள்தான் வேண்டும். சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி போகிறாள், காட்ட வேறு எதுவும் இல்லை, இது ஒன்றுதான். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்கும் உம்பாயில் ஒரு மனைவி இருந்தாள். லீவு கிடைக்கிறபோதுதான் பார்க்கிறார்.

"பாராவுக்குத் தேத்தண்ணி கொண்டு வரலாம்," என்றார் வானத்தைப் பார்த்து. "தேத்தண்ணி கொண்டு வர்றது யாருன்னு ரூல்ல எழுதல."

வெள்ளிக்கிழமை மாலை அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் தேத்தண்ணிப் போத்தலோடு ஏணியில் ஏறினாள். என்னைவிட வேகமாக. நான் கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வலப்பக்கம் பார், மரத்துக்கு மேலே பார் என்று ஒரு பிரசங்கம் ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். கண்ணாடியைக் கண்ணில் வைத்தவள் அப்படியே நின்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. பிடிக்கவில்லையோ?

"நடுவுல பெருசு ஒன்னு இருக்கே, அதுவா?"

"அதேதான்! அதான் நான் கண்டு..."

"இருங்க." கண்ணாடி இடப்பக்கம் மெல்ல நகர்ந்தது. கொஞ்சம் மேலே போனது. நின்றது. "அய்யோ!"

"என்னா, என்னா?"

"இங்க வேற ஒன்னு இருக்கு. உங்களதவிட பெருசு. அரிசி கொட்டிக் கெடக்குற மாதிரி இருக்குங்க. ஒரு சாக்கு அவுந்து கொட்டின மாதிரி."

வாங்கிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ரெண்டு இரவு அதே வானத்தை அதே கண்ணாடியில் மேய்ந்தவன் நான், அதன் பக்கத்திலேயே போய்த் திரும்பியிருக்கிறேன், பார்க்கவில்லை. வெறும் கண்ணுக்கு மங்கலாக ஒரு புகைத் திட்டு. கண்ணாடிக்குள் எண்ணவே முடியாத பொடி நட்சத்திரங்கள், நீளவாக்கில் பரப்பிக் கிடந்தன. என் கூட்டம் அதற்கு முன்னால் கைக்குட்டையில் முடிந்துவைத்த சில்லறை மாதிரி ஆகிவிட்டது.

"ரேஷன் இல்லாம கொட்டிக் கெடக்கு," என்றாள். "குடுங்க."

கீழே கோப்ரல் ஒரு தடவை இருமினார். இறங்கச் சொல்கிறார் என்று அர்த்தம். ரெண்டாவது தடவை இருமினார். மூன்றாவது தடவை இருமியபோது அவரையும் மேலே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துச் சமாதானம் பண்ணினோம். போத்தல் மூடியில் குடித்துக்கொண்டே அவர் சிலுவையைக் காட்டி, அது தங்கள் ஊரில் பாரி மீன், அதாவது திருக்கை, என்றார். மற்றதெல்லாம் தனக்குத் தெரியாது, ஆண்டவனைக் கேள் என்றார்.

சனிக்கிழமை வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. அவள் சாயங்காலத்திலிருந்து வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பெட்டி கட்டித் தயாராகச் சுவரோரம் இருந்தது. நான் பெட்டியைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கேட்டில் அவரைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டார்கள். "என்னா மாப்ள, வேலிக்கு நெருப்பு காட்டுனீங்களாமே? ஜாசின் பஸ்ஸுல பேசிக்கிறாங்க," என்றபடியேதான் செருப்பைக் கழற்றினார். சாப்பிட்டார். பெட்டியைத் தூக்கப் போனார்.

"வைண்ணே," என்றாள் என் மனைவி. "இந்த வாரம் வரல."

"ஏன், ஒடம்பு சொகமில்லயா?"

"நேத்து மழ. ஒன்னுமே பாக்க முடியல."

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவரை பஸ் ஏற்றிவிட்டு வருகிற வழியெல்லாம் விசிலடித்தேன்.

இதற்கு நடுவில் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ரொம்பக் காலம் கழித்து மலாக்கா டவுனில் ஒரு நூல்நிலையத்தில் வானப் படப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் கூட்டம் அதில் இருந்தது. அவளுடையதும் இருந்தது. ரெண்டும் எல்லாருக்கும் தெரிந்த கூட்டங்கள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. ஆனால் என்னுடையதன் பக்கத்தில் அச்சில் போட்டிருந்ததைப் படித்ததும் நூல்நிலையம் என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன். தெற்குக் கார்த்திகை என்று பொருள்படும் பெயர். படித்த வெள்ளைக்காரன் எவனோ ஒருவனும் அதைப் பார்த்ததும் கார்த்திகையைத்தான் நினைத்திருக்கிறான். என்ன, அவனைச் சேற்றில் படுக்க வைக்கப் பண்டாரம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வானம் கழுவி விட்டது மாதிரி இருந்தது. அது என் முறையின் கடைசி நாள். இருட்டியதும் தேத்தண்ணிப் போத்தல் ஏணியில் ஏறி வந்தது, பின்னாலேயே அவள். கோப்ரல் கீழே வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் நேராகப் போய் ஆணியில் தொங்கிய கண்ணாடியை எடுத்தாள். நான் அவளுக்கு முன்னால் போய்க் கைப்பிடிக் கட்டையில் சாய்ந்து, சினிமாவில் நிற்பது மாதிரி நின்றுகொண்டேன்.

"எனக்குத் தெரியும். பெட்டியப் பிரிச்சிட்டே, கவனிச்சேன். நாளைக்கு ஆப்பீசுல சொல்லி கார்டுல அட்ரஸ் மாத்திறலாமா? உண்மையச் சொல்லு, அண்ணனத் திருப்பி அனுப்புனது எனக்காகத்தானே?"

அவள் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"தள்ளி நில்லுங்க, மறைக்குது."